அரை மணி நேரத்தைக் காணோம்!



எங்க பெரியம்மா மகள் அக்கா கொழும்பில் பிறந்தவங்க. பிறந்த தேதி 24.5.1996. "நான் பிறந்து இன்னைக்கு எத்தனை நாளாச்சுன்னு உன் கம்ப்யூட்டர்ல சொல்லு பார்ப்போம்"னு கேட்டாங்க. பள்ளிக் கம்ப்யூட்டரில் சின்னதா ஒரு புரோகிராம் எழுதினேன். இரண்டு தேதிகளிலும் கொழும்பு நேரப்படி நள்ளிரவு 12 மணியை நொடிகளாக மாற்றிக் கழிக்கணும். ஒரு நாளைக்கு 86,400 நொடி. அதால் வகுத்து, புள்ளிக்குப் பிறகு வருவதை விட்டுடணும். அவ்வளவுதான். விடை சரியாகவே வந்தது.

சும்மா சோதித்துப் பார்க்க அக்காவின் முதல் பிறந்தநாளைப் போட்டேன். 365 வரணும், 364 வந்தது! ஒன்பதாவது பிறந்தநாள் வரை ஒவ்வொன்றிலும் ஒரு நாள் குறைவு. பத்தாவதில் தானே சரியாகிவிட்டது. மூன்று தடவை அழித்து எழுதினேன். அழுகையே வந்துவிட்டது. கணக்கு டீச்சர்தான் "கொழும்பு கடிகாரத்தைப் பாரு" என்றார்.

1996-இல் இலங்கையில் மழை பொய்த்து, அணைகளில் தண்ணீர் வற்றி, மின்சாரம் போதவில்லை. வெளிச்சத்தை மிச்சம் பிடிக்க மே 25 பிறக்கும்போது கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள். அன்று 12 மணிக்கு அடுத்து 1 மணி! அக்டோபர் 26-இல் அரை மணி பின்னே வந்தது. மீதி அரை மணி 2006 ஏப்ரல் 15-இல்தான் திரும்பியது. அதுவரை நமக்கும் அக்கரைக்கும் அரை மணி வித்தியாசம். புலிகள் வசம் இருந்த வடபகுதியில் மட்டும் பழைய நேரமே ஓடியதாம். கம்ப்யூட்டருக்கு அது தெரியாது, அதற்குக் கொழும்பு ஒன்றுதான்.

ஆக, முதல் வருஷத்தில் 8,760 மணிக்குப் பதில் 8,759½ மணி. 24-ஆல் வகுத்தால் 364.98 வரும். புள்ளியை வெட்டியதும் ஒரு நாளே போச்சு! அக்கா கேட்டதை மட்டும் போட்டிருந்தால் இந்தத் தப்பு கண்ணில் பட்டிருக்காது. இப்போது நொடிகளை விட்டுவிட்டு, காலண்டர் மாதிரி தேதிகளை எண்ணச் சொல்லியிருக்கிறேன். 365 வருகிறது.

நம்ம நாட்டிலும் உலகப் போரின்போது 1942 செப்டம்பர் 1 முதல் 1945 அக்டோபர் 15 வரை கடிகாரம் ஒரு மணி முன்னே ஓடியது. 1942 ஆகஸ்டில் பிறந்த தாத்தா, பாட்டி யார் வீட்டிலாவது இருந்தால் தேதி கொண்டு வாங்க. பழைய புரோகிராமை இன்னும் அழிக்கவில்லை.

- 9-ஆம் வகுப்பு மாணவி