பரணில் இருப்பது பிள்ளைக்குத் தெரியாதா?

"நம்ம பக்கம் துப்பாக்கி ஏது? அதெல்லாம் அமெரிக்காக்காரன் பிரச்சினை."

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் கேட்டால் இந்தப் பதில்தான் வரும். பாதிதான் சரி. தேர்தல் தேதி அறிவித்ததும் லைசன்ஸ்காரர்களை ஸ்டேஷனில் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்கிறார்களே, அவை எங்கிருந்து வருகின்றன? பட்டாளத்திலிருந்து திரும்பி பேங்க் வாசலில் காவலுக்கு நிற்பவரின் ரெட்டைக்குழல் ராத்திரியில் அவர் வீட்டில்தான் இருக்கிறது. மற்றவர்கள் ஒப்படைத்தவையும் தேர்தல் முடிந்ததும் வீட்டுக்கே திரும்பி வருகின்றன. பீரோ மேலா, பரணா, கட்டிலுக்கு அடியிலா என்று யாரும் கேட்பதில்லை. போதாக்குறைக்கு இது காட்டுப்பன்றி சீமைக்கருவேலங்காட்டிலிருந்து இறங்கி மக்காச்சோளத்தையும் கடலையையும் நாசமாக்கும் பூமி. ஆத்திரத்தில் நாட்டுத் துப்பாக்கியையும் வெடியையும் தேடிப் போகிறவர்கள் உண்டு.

"ஒளிச்சு வச்சிருக்கேன், பிள்ளைக்குத் தெரியாது."

முறுக்கு டப்பாவை ஒளித்து வைத்தவர்களுக்கு இதன் லட்சணம் தெரியும். அமெரிக்காவின் அலபாமாவில் பெற்றோரையும் பிள்ளைகளையும் தனித்தனியே விசாரித்த ஓர் ஆய்வு 2006இல் வெளிவந்தது. துப்பாக்கி இருக்கும் இடம் பிள்ளைக்குத் தெரியாது என்று சொன்ன பெற்றோரில் 39 சதவீதம் பேரின் பிள்ளைகள், தெரியும் என்று சொன்னார்கள்.

"சொல்லி வளர்த்திருக்கேன், தொட மாட்டான்."

இதுதான் இருப்பதிலேயே ஆபத்தான நம்பிக்கை. கண்டிப்பான அப்பாக்கள்தான் இதில் அதிகம் ஏமாறுகிறார்கள் என்பது என் எண்ணம். 2001இல் அட்லாண்டாவில் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். 8 முதல் 12 வயது வரையுள்ள 64 பையன்களை இரண்டு மூன்று பேராக ஓர் அறையில் விட்டு, கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கவனித்தார்கள். ஒரு டிராயரில் தண்ணீர்த் துப்பாக்கிகள். இன்னொன்றில் சுட முடியாதபடி செய்த நிஜத் துப்பாக்கி. நிஜத்தைக் கண்டெடுத்தவர்கள் 48 பேர். கையில் எடுத்தவர்கள் 30. விசையை இழுத்தவர்கள் 16. கண்டெடுத்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அதைப் பொம்மை என்று நினைத்தார்கள், அல்லது நிஜமா பொம்மையா என்று தெரியாமல் இருந்தார்கள். கையில் எடுத்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் ஏற்கெனவே புத்தி சொல்லப்பட்டவர்கள்! பிள்ளைக்குச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் சொன்னது பூட்டின் வேலையைச் செய்யாது.

"உள்ளே ஒண்ணுமில்ல, காலி."

ரெட்டைக்குழலை மடக்கினால் தோட்டா இருக்கிறதா என்று கண்ணால் பார்க்கலாம். நாட்டுத் துப்பாக்கியில் அது நடக்காது. குழாயின் வாய் வழியே கருமருந்தைப் போட்டு, துணியோ நாரோ திணித்து, ரவையைக் கொட்டி, கம்பியால் இடித்துக் கெட்டிப்பது அது. வெளியே பார்த்தால் கெட்டித்ததும் கெட்டிக்காததும் ஒன்றுபோலவே இருக்கும். கெட்டித்ததை வெளியே எடுப்பதும் லேசில்லை. அதனால் பன்றி வராத ராத்திரிக்குப் பிறகு அப்படியே கொண்டுவந்து சுவரில் சாத்திவிடுகிறார்கள். காலையில் திண்ணையில் விளையாடும் பிள்ளைக்கு அது வெறும் இரும்புக் குழாய்.

"ஏர்கன் விளையாட்டுச் சாமான்தானே, லைசன்ஸே வேண்டாமே."

4.5 மில்லிமீட்டர் குண்டும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் உள்ளவற்றுக்கு லைசன்ஸ் தேவையில்லை என்பது உண்மை. அது சட்டம் தந்த விலக்கு. கண்ணுக்கு அந்த விலக்கு கிடையாது. அந்தக் குண்டு பட்டால் பார்வை போகும்.

"பன்றிக்கும் மீனுக்கும் வாங்கின வெடிதான், துப்பாக்கி இல்லையே."

2020 ஜூனில் திருச்சி மாவட்டம் தொட்டியம் அருகே அழகரையில், மீன் பிடிக்க வாங்கி வைத்திருந்த வெடியைத் தின்பண்டம் என்று நினைத்து ஆறு வயதுப் பையன் கடித்தான். பிழைக்கவில்லை. பன்றிக்கு வைக்கும் வெடியான அவுட்டுக்காயோ தின்ன ஆசை வரும்படியே செய்யப்படுவது. நம்முடையது பட்டாசு மருந்தோடு புழங்கிய மாவட்டம் என்பதால் நமக்கு வெடிமேல் பயம் விட்டுப்போனது போலத் தெரிகிறது.

"நம்ம வீட்டுல இல்ல, நமக்கென்ன?"

2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலையில், துப்பாக்கி சுடும் பயிற்சித் தளத்திலிருந்து வந்த குண்டு, தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுப் பையனின் தலையில் பாய்ந்தது. 2022 ஜனவரி 3ஆம் தேதி அவன் இறந்தான். அந்த வீட்டில் துப்பாக்கியே இல்லை.

சரி, என்னதான் செய்வது? துப்பாக்கியைப் பூட்டி வை, குண்டை எடுத்துவிட்டு வை, தோட்டாவை வேறிடத்தில் வை, அதையும் பூட்டு. 2005இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இந்த நான்கும் தனித்தனியாகவே பிள்ளைகளின் ஆபத்தைக் குறைப்பதாகத் தெரிந்தது. விபத்தை மட்டுமல்ல, பதின்வயதுப் பிள்ளைகள் தங்களையே சுட்டுக்கொள்வதையும் சேர்த்துத்தான். சாவி அப்பாவின் இடுப்பில் இருக்கட்டும், ஆணியில் தொங்க வேண்டாம். வேலை போய்விட்டது, வயதாகிவிட்டது, இனித் துப்பாக்கி எதற்கு என்றால் ஸ்டேஷனிலோ லைசன்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்திலேயே வழி இருக்கிறது.

பன்றித் தொல்லைக்கு 2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு வழி சொன்னது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியைச் சுடலாம், ஆனால் வனத்துறையினர்தான் சுட வேண்டும். சம்சாரி கையில் துப்பாக்கி எடுக்க அதில் அனுமதி இல்லை. மனுக்கொடுத்து அலைவது எரிச்சல்தான், ஒத்துக்கொள்கிறேன்.

லீவுக்குப் பிள்ளையை மாமா வீட்டுக்கு அனுப்பும்போது, கிணற்றுக்கு மூடி இருக்கிறதா என்று கேட்கிறோமில்லையா? கூடவே, "மாமா, துப்பாக்கி, வெடி எதுவும் வீட்டுல வச்சிருக்கீங்களா, எங்க பூட்டி வச்சிருக்கீங்க?" என்றும் கேட்டுவிடுங்கள். மாமா கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.