வெண்கட்டி பிடிக்கும் கையால் நாவல் எழுத

பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குத் தமிழில் வாசிக்க என்ன இருக்கிறது என்று மாளிகாவத்தையில் படிப்பிக்கும் எந்த ஆசிரியரிடமும் கேட்டுப் பாருங்கள். பதில் வரச் சற்று நேரமெடுக்கும். சிறுவர் கதை சலித்துப்போன வயது அது. பெரியவர்களின் நாவல் இன்னும் எட்டவில்லை. சிங்களப் புத்தகக் கடைகளில் இந்த வயதுக்கென்று 'யொவுன்' நாவல்கள் தனியே அடுக்கப்பட்டிருக்கின்றன. மார்ட்டின் விக்கிரமசிங்கவின் 'மடொல் தூவ' 1947இல் வந்தது, 1976இல் திரைப்படமானது, இன்றும் வாசிக்கப்படுகிறது. நம் பிள்ளைகளுக்கோ தரம் எட்டிலிருந்து சாதாரண தரம் வரை புத்தகம் என்றால் பாடநூலும் கடந்தகால வினாத்தாளும்தான்.

இந்த வெற்றிடத்தை நிரப்ப ஆசிரியரைவிடத் தகுதியானவர் யார்? அந்த வயதோடு நாள்தோறும் ஆறு மணித்தியாலம் இருப்பவர் அவர். இலங்கைத் தமிழ்ப் புனைகதையிலும் ஆசிரியர்களுக்குக் குறைவில்லை. எஸ்.பொன்னுத்துரை மட்டக்களப்பிலும் பின்னர் நைஜீரியாவிலும் படிப்பித்தவர். தெளிவத்தை ஜோசப் தோட்டப் பாடசாலையில் படிப்பித்து, அந்த இடத்தின் பெயரையே தன் பெயரோடு சேர்த்துக்கொண்டவர். ஆனால் அவர்களின் பேர்பெற்ற நாவல்கள் பெரியவர்களுக்கானவை. இளையோருக்கு எழுதும் வேலை நம் தலைமுறைக்கு மிஞ்சியிருக்கிறது. வேலையையும் வாசிப்பையும் எழுத்தையும் சேர்த்துக் கொண்டுபோக விரும்பும் சக ஆசிரியர்களுக்கு இதை எழுதுகிறேன்.

செய்ய வேண்டியவை

விடியலை உங்களுடையதாக்குங்கள். பாடசாலை ஏழரைக்குத் தொடங்கி ஒன்றரைக்கு முடிகிறது. மிச்ச நாள் முழுக்க நமக்குத்தானே என்று வெளியிலிருப்பவர்கள் நினைக்கிறார்கள். கொப்பி திருத்தல், பாடக்குறிப்பு, மாலை வகுப்பு, வீட்டு வேலை என்று அந்த நேரம் கரைவது நமக்குத்தான் தெரியும். மாடிவீட்டில் இருப்பவருக்கு மாலை இன்னும் கடினம். நடைபாதையில் பிள்ளைகள் பந்தடிப்பார்கள், பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி சுவரைத் தாண்டி வரும். கெத்தாராம மைதானத்தில் இரவு ஆட்டம் நடந்தால் தெருவே அங்கேதான். 1986இல் அந்த மைதானம் வந்ததிலிருந்து ஆட்ட நாளில் இந்தப் பகுதியில் யாரும் அமைதியை எதிர்பார்ப்பதில்லை. அன்றைக்கு எழுத நினைக்காதீர்கள், நீங்களும் போய் ஆட்டம் பாருங்கள்.

சுபஹ் தொழுகைக்கும் பாடசாலைக்குப் புறப்படுவதற்கும் இடையில் ஒரு மணித்தியாலமாவது கிடைக்கும். மனம் அப்போது இன்னும் யாருக்கும் கடன்படவில்லை. ஒக்ஸ்போர்டில் பாடசாலை ஆசிரியராக இருந்த பிலிப் புல்மன் நாளுக்கு மூன்று பக்கம் கையால் எழுதுவதை வழக்கமாக்கிக்கொண்டவர். நமக்கு ஒரு பக்கம் போதும். ஒரு வருடத்தில் அது முந்நூறைத் தாண்டும். இளையோர் நாவலுக்கு அதில் பாதியே தாராளம்.

நோன்பு விடுமுறையை முன்கூட்டியே திட்டமிடுங்கள். முஸ்லிம் பாடசாலைகளின் தவணை அட்டவணை தனியானது. ரமழானில் கிடைக்கும் விடுமுறை வேறு ஆசிரியர்களுக்கு இல்லாத வாய்ப்பு. முதற் சில நாட்கள் உடம்பு பழகுவதற்குப் போய்விடும். கடைசிப் பத்து அமலுக்குரியது. நடுவில் உள்ள நாட்களில், சஹருக்குப் பிறகு தூங்கப் போகாமல், எழுதியதைத் திருத்துங்கள். புதிதாக எழுத வெறும் வயிறு உதவாது. வெட்டித் திருத்த அது நன்றாகவே உதவுகிறது.

இங்கே பெண் ஆசிரியர்களுக்காக ஒன்று சொல்லியாக வேண்டும். நோன்பு காலத்தில் அஸரிலிருந்து மஃரிப் வரை அவர்கள் அடுப்படியில் நிற்கிறார்கள். தராவீஹ் முடிந்து வருகிறவர்களுக்குத் தேநீர் போடுவதும் அவர்கள்தான். ஆண்கள் எழுதினால் வீடு சத்தம் குறைக்கிறது, பெண்கள் எழுதினால் இந்த வேலையை முடித்துவிட்டு எழுது என்கிறது. இதை வாய் திறந்து வீட்டில் பேசுங்கள். கஞ்சி காய்ச்சவும் பாத்திரம் கழுவவும் வளர்ந்த மகனுக்கும் கைகள் இருக்கின்றன.

இளையோர் நாவல்களை உங்கள் தொழிலின் பகுதியாக எண்ணி வாசியுங்கள். பிள்ளைகளுக்கான புத்தகம்தானே என்று மேலோட்டமாகப் புரட்டுகிறவரால் நல்ல இளையோர் நாவலை எழுத முடியாது. கீழடியை வைத்து உதயசங்கர் எழுதிய 'ஆதனின் பொம்மை' 2023இலும், பாலியல் தொந்தரவைப் பற்றி யெஸ்.பாலபாரதி எழுதிய 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' 2020இலும் இந்திய சாகித்திய அகாதமியின் பாலர் விருதைப் பெற்றன. வளரும் பிள்ளையிடம் எவ்வளவு பேசலாம், எப்படிப் பேசலாம் என்பதை இவற்றில் வரிக்கு வரி படிக்கலாம். இரா.நடராசனின் 'ஆயிஷா' சின்னஞ்சிறிய புத்தகம். கேள்வி கேட்கும் மாணவியையும் அடிக்கும் வகுப்பறையையும் பற்றி, தானும் ஆசிரியராக இருந்த ஒருவர் எழுதியது. அதை வாசித்த பிறகு பிரம்பைத் தொடக் கை கூசும். எஸ்.இ.ஹின்டன் 'தி அவுட்சைடர்ஸ்' நாவலை எழுதியது பாடசாலை மாணவியாக இருக்கும்போதே. 1967இல் அது வெளிவந்தபோது அவருக்கு வயது 18. உங்கள் வகுப்பிலும் அப்படியொருத்தி இருக்கலாம் என்பதை மறக்காதீர்கள்.

புத்தகங்களுக்கு வெள்ளவத்தையிலும் செட்டியார் தெருவிலும் பூபாலசிங்கம் புத்தகசாலை இருக்கிறது. 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகமும் வெள்ளவத்தையில்தான். கொழும்பு பொது நூலகம் மாளிகாவத்தையிலிருந்து இன்னும் கிட்ட. செப்டெம்பரில் பண்டாரநாயக்க மாநாட்டு மண்டபத்தில் நடக்கும் புத்தகக் கண்காட்சிக்குப் பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். பஸ்ஸில் போகும் நேரத்துக்கு நூலகம் இணையத்தளத்தில் ஈழத்துப் பழைய நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. சிங்களம் வாசிக்கத் தெரிந்தவர் யொவுன் நாவல்களையும் விடக்கூடாது. நம் பிள்ளைகள் தெருவில் சிங்களம் பேசித்தான் வளர்கிறார்கள்.

வகுப்பில் கதை சொல்லுங்கள், வாயால். புல்மன் தன் மாணவர்களுக்கு இலியட்டையும் ஒடிஸியையும் ஆண்டுதோறும் புத்தகமில்லாமல் சொல்லிவந்தார். எழுத்தாளனாகத் தான் பெற்ற பயிற்சி அது என்பது அவர் எண்ணம். பாடசாலை நாடகத்துக்கென்று எழுதியவற்றைப் பின்னர் நாவலாக்கவும் செய்தார். பாடம் முடிந்து மணி அடிக்க ஐந்து நிமிடம் மிஞ்சினால், யூசுப் நபியின் கிணற்றையோ அர்ச்சுனனின் வில்லையோ எடுத்துச் சொல்லிப் பாருங்கள். எந்த இடத்தில் கடைசி வாங்கு நெளிகிறது, எந்த இடத்தில் மூச்சடங்கி இருக்கிறது என்பது உடனே தெரியும். எந்த எழுத்துப் பட்டறையிலும் இது கிடைக்காது. வேலை எழுத்துக்குத் தடை என்று புலம்புகிறவர்கள் இந்த ஐந்து நிமிடத்தை ஒருமுறையாவது முயன்று பார்த்திருக்க வேண்டும்.

பிள்ளைகளின் தமிழை அப்படியே எழுதுங்கள். 'ஈக்கி', 'பொய்த்து வாறன்', 'மறுகா' என்று பேசுகிற பிள்ளை, புத்தகத்தில் தன் பேச்சைக் கண்டதே இல்லை. நானாவும் தாத்தாவும் உம்மாவும் வாப்பாவும் இருக்கிற வீடு கதைக்குள் வரட்டும். யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் மலையகத்துக்கும் நாவலில் பேச்சுமொழி உண்டென்றால் கொழும்பு பத்துக்கும் உண்டு.

செய்யக்கூடாதவை

பாட நேரத்தில் உங்கள் நாவலை எழுதாதீர்கள். சோல்ஸ்பரியில் ஆசிரியராக இருந்த வில்லியம் கோல்டிங், 1954இல் வந்த 'லோர்ட் ஆஃப் த ஃப்ளைஸ்' நாவலின் பகுதிகளை வகுப்பிலேயே எழுதினார், எழுதிய பக்கத்தின் சொற்களை எண்ணும் வேலையை மாணவர்களுக்குக் கொடுத்தார் என்று சொல்வார்கள். நாவல் பெரிய நாவல்தான், அவருக்குப் பின்னாளில் நோபல் பரிசும் கிடைத்தது. அந்தப் பாடவேளை மட்டும் அந்தப் பிள்ளைகளுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. மாளிகாவத்தைப் பிள்ளைகள் பலருக்கு டியூசனுக்குக் காசில்லை. வகுப்பில் நாம் கொடுக்கும் நாற்பது நிமிடம்தான் அவர்களின் மொத்தப் படிப்பு.

பிள்ளை நம்பிச் சொன்ன துயரத்தைக் கதையாக்காதீர்கள். பெயரை மாற்றினால் போதும் என்று நினைக்கிறோம். மாடிவீட்டுத் தொகுதியில் எந்தப் படிக்கட்டு, எந்தக் கடை, வாப்பா எந்த நாட்டில் என்று இரண்டு குறிப்புக் கிடைத்தால் போதும், யாரென்று ஊருக்கே தெரிந்துவிடும். புத்தகம் உங்களுக்கு விருது வாங்கித் தரலாம். அந்தப் பிள்ளை மறுநாளும் அதே படிக்கட்டில்தான் ஏற வேண்டும். உண்மையில் நடந்ததன் உணர்ச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். சம்பவத்தை முற்றாக வேறொன்றாக்குங்கள். எது வரைக்கும் மாற்றுவது என்ற சந்தேகம் வந்தால், எழுதாமல் விடுவதே சரி. இந்த ஒன்றில் நான் எந்த விட்டுக்கொடுப்புக்கும் தயாரில்லை.

பொலிஸ் செய்தியிலிருந்து மாளிகாவத்தையை எழுதாதீர்கள். போதைப்பொருள், துப்பாக்கிச்சூடு, நெரிசலில் மரணம் என்றே நம் பகுதியின் பெயர் பத்திரிகையில் வருகிறது. அவை நடக்காதவை அல்ல. ஆனால் இங்கே வளரும் பிள்ளைக்கு அவற்றைவிடப் பெரிய விஷயங்கள் இருக்கின்றன: கிரிக்கெட் அணியில் இடம், நண்பன் பேசாமல் விட்டது, உயர்தரத்துக்கு எந்தத் துறை, முதன்முதலாய் வந்த காதல். அவற்றை அந்த அளவிலேயே பெரிதாக எழுதுங்கள்.

கடைசிப் பக்கத்தில் புத்திமதி வைக்காதீர்கள். ஆசிரியருக்கு இது எளிதில் விடாத பழக்கம். காலைக் கூட்டத்தில் பேசிப் பேசி வாய் பழகிவிட்டது. பதினாலு வயசு அதைத் தூரத்திலிருந்தே மோப்பம் பிடிக்கும்.

வாசிப்பைப் பரீட்சையாக்காதீர்கள். நாவலைக் கொடுத்துவிட்டுச் சுருக்கம் எழுதி வா என்றால், அந்த நாவலும் பாடநூலோடு சேர்ந்துவிட்டது. 'தமிழ்மொழியும் இலக்கியமும்' பாடத்துக்குப் புள்ளி வேண்டும்தான். அதற்கு வேறு வழிகள் இருக்கின்றன. உங்கள் சொந்தப் புத்தகத்தை உங்கள் வகுப்புக்கே விற்பதும் வேண்டாம். வேண்டாம் என்று சொல்ல முடியாத இடத்தில் பிள்ளை நிற்கிறது.

கடன் வாங்கி அச்சிடாதீர்கள். 2022 மார்ச்சில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்டன. அதன் பிறகு அச்சுச் செலவு பழைய நிலைக்குத் திரும்பவேயில்லை. வெளியீட்டு விழாவில் முதற்பிரதியும் சிறப்புப் பிரதிகளும் விற்று முதல் எடுக்கலாம் என்ற கணக்கு, விழா முடிந்த இரவே பிழைத்துப்போவதைப் பலமுறை கண்டிருக்கிறோம். மேசைக்கடியில் கட்டுக்கட்டாக இருக்கும் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு அடுத்ததை எழுத மனம் வராது. முதலில் சஞ்சிகையில் தொடராகக் கேட்டுப் பாருங்கள், பதிப்பகங்களுக்கு அனுப்புங்கள். மாலை வகுப்பொன்றை விட்டுவிட்டு எழுதுவதென்றாலும் மாதச் செலவைக் கணக்குப் பார்த்து, வீட்டாரோடு பேசியே முடிவெடுங்கள்.

கைப்பிரதியை முதல் வாங்கு மாணவிக்கு மட்டும் கொடுக்காதீர்கள். அவள் முழுவதையும் வாசித்துவிட்டு, நல்லா ஈக்கி டீச்சர் என்பாள். உங்களைக் காயப்படுத்த அவளுக்கு மனம் வராது. பதினைந்து ஆண்டுகள் ஆசிரியராக இருந்த ரிக் ரியோர்டன், 2005இல் வெளிவந்த பேர்சி ஜாக்சன் முதல் நாவலைத் தன் மாணவர்கள் சிலருக்கு வாசிக்கக் கொடுத்து, அவர்கள் சொன்னதை எடுத்துக்கொண்டார். நீங்கள் புத்தகமே தொடாத பிள்ளையைத் தேடிக் கொடுங்கள். கட்டாயமில்லை, பிடிக்காவிட்டால் நிறுத்தலாம் என்று சொல்லியே கொடுங்கள். ஒரு கிழமை கழித்து, எப்படி இருந்தது என்று கேட்காமல், எந்தப் பக்கத்தில் விட்டாய் என்று கேளுங்கள். திருத்தத்தை அந்தப் பக்கத்துக்கு இரண்டு பக்கம் முன்னாலிருந்து தொடங்குங்கள்.