சித்தி வீடா, தம்பானூர் லாட்ஜா?

திருவனந்தபுரத்தில் வேலை, நெய்யாற்றின்கரையில் சித்தி வீடு, வாடகை கிடையாது; லாட்ஜ் என்றால் ரயில் நிலையத்தை ஒட்டிய தம்பானூர். பெட்டி கட்டும் முன்:

1. பஸ், ஆட்டோ செலவை ஆள் கணக்கில் பெருக்கிப் பாருங்கள். 20 கி.மீ. தூரம், தினம் இருமுறை. வெறுங்கையோடு போக முடியாதே, பழமும் பலகாரமும் அதில் சேர்த்தி!

2. பத்மநாபசுவாமி கோயிலில் நிர்மால்ய தரிசனமா? முதல்நாளே கிழக்கேகோட்டை பக்கம் அறை எடுங்கள். நடை திறப்பது அதிகாலை 3.30க்கு; அந்நேரம் டாக்ஸி பிடித்து வருவதற்கு அறை வாடகையே தேவலாம். சித்தி தூக்கமும் கெடாது.

3. ஸ்ரீசித்திரா மருத்துவமனைக்கோ வட்டாரப் புற்றுநோய் மையத்துக்கோ வருகிறீர்களா? தம்பானூரும் வேண்டாம், மெடிக்கல் காலேஜ் அருகிலேயே தங்குங்கள். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், முடிவு வாங்குவது என்று ஒரே நாளில் பலமுறை நடக்க நேரும். நோயாளி இடையில் படுக்க இடம் வேண்டும்.

4. மாசியில் ஆற்றுக்கால் கோயில் பொங்காலை சமயமென்றால் யோசிக்காமல் சித்தி வீடுதான். தெருவெல்லாம் பொங்கல் அடுப்பு, லாட்ஜில் இடம் கிடைப்பது அரிது.

5. ஒரு பகல் வேலைதானா? இரண்டும் வேண்டாம். பெட்டியை ரயில் நிலைய க்ளோக் ரூமில் போட்டுவிட்டு, இரவு வண்டிக்கு டிக்கெட் எடுங்கள்.