ஏழு அடியிலும் ஆறு நிலையாக நிற்கும்

கேள்வி: ஐயா, 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு களனி கங்கை பெருகிய நேரம், “நாகலகம் வீதியில் நீர்மட்டம் நிலையாக உள்ளது” என்று வானொலியில் கேட்டதும் என் வீட்டுக்காரர், “அப்ப இனிப் பயமில்லை” என்று மேலே ஏற்றி வைத்த சாமான்களை இறக்கத் தொடங்கினார். மாமி விடவில்லை. அதே கிழமை வாட்டில் இருந்த என் அண்ணாவைப் பற்றிக் கேட்டபோது, “ஸ்டேபிளா இருக்கிறார்” என்றார்கள். நாங்கள் அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டோம். அப்படி எடுத்தது சரியா என்று இன்றைக்கும் தெரியவில்லை. சாதாரண தரத்துக்குப் படிக்கும் மகளோ நிலையான, சீரான, மாறாத, சமநிலை என்று நான்கையும் கலந்து எழுதுகிறாள். எதை எந்த வாக்கியத்தில் போடுவது?
– வாசகி, கிராண்ட்பாஸ்

பதில்: உங்கள் மாமி செய்ததுதான் சரி. ‘நீர்மட்டம் நிலையாக உள்ளது’ என்றால் தண்ணீர் இப்போதைக்கு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அவ்வளவுதான். எந்த உயரத்தில் நிற்கிறது என்று அந்த வாக்கியம் சொல்லவில்லை. உங்கள் பகுதியில் உள்ள நாகலகம் வீதி நீர்மானியில் 4 அடி எச்சரிக்கை மட்டம், 5 அடி சிறு வெள்ளம், 7 அடி பெருவெள்ளம். 3 அடியில் நிற்கும் ஆற்றையும் நிலையாக உள்ளது என்றுதான் சொல்வார்கள், 7 அடியைத் தாண்டி நிற்பதையும் அப்படித்தான் சொல்வார்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையம் வெளியிடும் அட்டவணையில் நீர்மட்டத்துக்கு ஒரு நிரல் இருக்கும், ஏறுகிறதா இறங்குகிறதா என்பதற்கு வேறொரு நிரல் இருக்கும். இரண்டையும் சேர்த்து வாசித்தால்தான் செய்தி முழுமையாகும்.

அதோடு ஹங்வெல்ல, கிளென்கோஸ், கித்துல்கல வரிகளையும் பாருங்கள். ஆற்றின் மேல்பக்கத்து அளவைகள் அவை. அங்கே ஏறிக்கொண்டிருக்கும்போது நாகலகம் வீதியில் மட்டம் மாறவில்லை என்பது சில மணி நேரத்துக்கு மட்டும் உண்மையாக இருக்கக்கூடிய செய்தி. ஆகவே நிலை என்ற சொல்லை எழுதும்போது நேரத்தையும் சேர்த்து எழுதுவது நல்லது. ‘காலை ஆறு மணியிலிருந்து நீர்மட்டம் ஏழு அடியில் மாறாமல் நிற்கிறது’ என்று கேட்டிருந்தால் உங்கள் வீட்டுக்காரர் ஒரு சாமானையும் இறக்கியிருக்க மாட்டார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மட்டம் நிற்கும்போதும் ஆறு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. மேலேயிருந்து வந்து சேரும் தண்ணீரும் மோதரைப் பக்கமாகக் கடலில் விழும் தண்ணீரும் ஒரே அளவாக இருந்தால் மட்டம் மாறாது. மலைநாட்டில் வேகமாக இறங்கி வரும் களனி கங்கை, கொழும்பை நெருங்கும்போது சமதரையில் தவழ்கிறது. கடல் பெருக்கெடுக்கும் நேரத்தில் வடிவது இன்னும் மெதுவாகும். மழை விட்டு வெயில் அடித்த பிறகும் சேதவத்தைப் பக்கத்து ஒழுங்கைகளில் தண்ணீர் அப்படியே நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். இப்படி வரவும் செலவும் ஈடாகி நிற்பதைச் சொல்லத்தான் சமநிலை என்ற சொல் பொருந்தும். குட்டையில் தேங்கிக் கிடக்கும் தண்ணீருக்கு அது வேண்டாம். அசையாமல் கிடக்கிறது என்றால் போதும்.

உங்கள் அண்ணாவின் விடயத்துக்கு வருகிறேன். டொக்டர் ‘ஸ்டேபிள்’ என்று சொல்லும்போது நாடி, இரத்த அழுத்தம், மூச்சு, இரத்தத்தில் ஒட்சிசன் ஆகியவை சில மணி நேரமாகப் பெரிதாக மாறவில்லை என்றுதான் பொருள். ஆபத்து நீங்கிவிட்டது என்ற உறுதி அதில் கிடையாது. செயற்கைச் சுவாசத்தில் இருப்பவரைப் பற்றியும் அப்படிச் சொல்வார்கள். நம் செய்திகளில் இதை ‘உடல்நிலை சீராக உள்ளது’ என்று எழுதும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. சீர் என்றாலே நம் காதில் ஒழுங்கும் நலமும்தான் ஒலிக்கின்றன. கேட்கிற சொந்தக்காரர் பாதிச் சுகமாகிவிட்டது என்று நம்பிவிடுவார். நம் வீடுகளில் பேசுகிற தமிழ் இந்த இடத்தில் தெளிவானது: ‘வருத்தம் கடுமைதான், நேற்றிலிருந்து கூடவும் இல்லை, குறையவும் இல்லை.’ இதை அப்படியே எழுதலாம், அப்படியே தொலைபேசியில் சொல்லலாம். இனி ஒருமுறை ‘ஸ்டேபிள்’ என்று கேட்டால், “மருந்தோ கருவியோ இல்லாமலே இப்படி இருக்கிறாரா?” என்று பணிவாகக் கேளுங்கள். ஊசி வழியாக மருந்து ஏற்றி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதும், உடம்பு தானாக அதைக் காப்பதும் ஏட்டில் ஒரே எண்ணாகத் தெரியும். நோயாளிக்கு இரண்டும் ஒன்றல்ல.

உங்கள் மகளுக்கு இந்த வேறுபாடு விஞ்ஞானப் பாடத்திலும் உதவும். கிண்ணத்தின் அடியில் கிடக்கும் போளையைத் தட்டினால் ஆடிவிட்டு அதே இடத்துக்குத் திரும்பும். அது உறுதிச் சமநிலை. கவிழ்த்த கிண்ணத்தின் உச்சியில் வைத்த போளையும் அசையாமல்தான் இருக்கிறது, ஆனால் மெல்லத் தட்டினாலும் உருண்டு போய்விடும். வேகம் கூடாமல் குறையாமல் போகும் வாகனத்துக்குச் சீரான வேகம் என்று எழுதட்டும். பாடத்தில் அந்தச் சொல்லுக்கு நலம் என்ற பொருள் இல்லை, ஒரே அளவு என்பதுதான் பொருள். நிலையான என்று எழுதும் இடத்திலெல்லாம், எதைப் பொறுத்து மாறாதது என்று அவள் தன்னையே கேட்டுக்கொள்ளவேண்டும். மின்சாரப் பட்டியலில் உள்ள நிலையான கட்டணம் ஒரு பிரிவுக்குள் நீங்கள் பாவிக்கும் அலகுகளைப் பொறுத்து மாறாது. கட்டணத் திருத்தம் வந்தால் அதுவும் மாறும். வங்கியின் நிலையான வைப்பில் வட்டி அந்தத் தவணை முடியும் வரைக்கும்தான் நிலை.

பணத்தைப் பற்றி எழுதும்போது இன்னும் கவனம் வேண்டும். 2021 செப்டெம்பரிலிருந்து 2022 மார்ச் தொடக்கம் வரை ஒரு டொலர் ஏறத்தாழ 200 முதல் 203 ரூபாயில் நின்றது. அந்த மாதங்களை ‘ரூபாய் நிலையாக இருந்தது’ என்று எழுதினால் உண்மையில் பாதி விடுபட்டுவிடும். ‘நிலையாக வைக்கப்பட்டிருந்தது’ என்பதே சரி. மார்ச் 7ஆம் திகதி மத்திய வங்கி பிடியைத் தளர்த்தியது. மே நடுப்பகுதியில் டொலர் 360 ரூபாய் அளவுக்குப் போய்விட்டது. பிடித்து நிறுத்திய ஒன்றைத் தானாக நின்ற ஒன்றுபோல எழுதினால், வாசிப்பவர் அதை நம்பித் தன் சேமிப்பைத் திட்டமிடுவார்.

விலைவாசியிலும் இதே சிக்கல்தான். விலை உறுதிப்பாடு என்று மத்திய வங்கி சொல்வது, விலைகள் மெதுவாகவும் கணிக்கக்கூடிய விதத்திலும் ஏறுவதை. ஏறாமலே இருப்பதை அல்ல. கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி ஆண்டுப் பணவீக்கம் 2022 செப்டெம்பரில் 69.8 சதவீதம், 2023 செப்டெம்பரில் 1.3 சதவீதம். அந்த இரண்டாவது எண்ணைக் கேட்டு, அரிசியும் மாவும் பழைய விலைக்கு வரும் என்று காத்திருந்தவர்கள் பலர். ஏற்றத்தின் வேகம்தான் தணிந்தது, விலைவாசி மொத்தத்தில் பழைய இடத்துக்கு இறங்கவில்லை. அந்த மாதத்தைப் பற்றி உங்கள் மகள் கட்டுரை எழுதினால், ‘விலைகள் நிலையாக இருந்தன’ என்பதோடு விட்டுவிடாமல், ‘விலைகள் ஏறிய இடத்திலேயே ஏறக்குறைய நின்றன’ என்று எழுதச் சொல்லுங்கள்.