கைத்திறனும் வாய்த்திறனும்: பட்டறை தொடங்குவோர்க்கு ஒரு வழிகாட்டி

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த அசாம் ஜாவா வட்டாரத்தில், புல்வெட்டும் இயந்திரத்தையும் மோட்டார் சைக்கிளையும் பிரித்துப் பூட்டுவதில் சாமர்த்தியம் வாய்ந்த இளைஞர்களுக்குக் குறைவில்லை; எனினும், சொந்தப் பட்டறை வைத்த பின் கைத்திறன் இருந்தும் வாடிக்கைக்காரரைச் சிலர் இழப்பது, செய்த வேலையை எடுத்துச் சொல்ல அறியாமையாலேயே ஆகும். தொழிலுக்கு வேண்டுவது மேடைப் பிரசங்கம் அன்று. செய்யும் காரியத்துக்குக் கணக்குக் கொடுக்கும் பேச்சே. அதைப் பழகும் கிரமம் வருமாறு:

1. தொழிலை இரண்டு வரியில் எழுதுக. எந்த வேலையை ஏற்பீர், எதை ஏற்கமாட்டீர் என்பதைத் தமிழிலும் மலாயிலும் எழுதிவைத்துக்கொள்க. இந்தியத் தொழில்முனைவோருக்கான ஸ்புமி கடனுக்காக, அதை வழங்கும் தெக்குன் நேஷனல் அலுவலகத்துக்குப் போனாலும், முதல் கேள்வி இதைப் பற்றியதாகவே இருக்கும்.

2. முறையாகப் பதிவு செய்க. 1956ஆம் ஆண்டின் வணிகப் பதிவுச் சட்டப்படி, தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் மலேசிய நிறுவன ஆணையமான எஸ்எஸ்எம்மில் பதிய வேண்டும். ஆண்டுக் கட்டணம் சொந்தப் பெயருக்கு 30 வெள்ளி, வணிகப் பெயருக்கு 60 வெள்ளி. ஊராட்சி மன்றத்தின் தொழில் உரிமத்தையும் விசாரித்துப் பெறுக.

3. திருப்புளியை எடுக்குமுன் கேளுங்கள். வந்தவர் மலாய்ப் பெரியவரானால் ‘பாக்சிக்’ என்றும், தமிழ் மூத்தவரானால் ‘ஐயா’ என்றும் அழைத்து, இயந்திரம் எப்போது நின்றது, அதற்குமுன் என்ன ஓசை எழுந்தது, எந்த எண்ணெய் ஊற்றினார்கள் என்று விசாரித்தால், பாதி நோய் அவர் வாயிலிருந்தே வெளிப்பட்டுவிடும்.

4. விலையும் நாளும் முன்னரே சொல்லுக. பிரித்துப் பார்த்ததும், உதிரிப்பாகத்துக்கு இவ்வளவு, கூலிக்கு இவ்வளவு, முடியும் நாள் இன்னது என்று வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி, அவர் சம்மதித்த பிறகே வேலையைத் தொடர்க. தாமதமாகுமானால், அவர் கேட்குமுன் நீங்களே தெரிவியுங்கள்.

5. காட்டிச் சொல்லுக. இரண்டு ஸ்ட்ரோக் புல்வெட்டியில் எண்ணெய் கலவாத பெட்ரோலை ஊற்றினால், உராய்வைத் தணிக்க வழியின்றிப் பிஸ்டன் சூடேறி இறுகிவிடும். அதன் பக்கவாட்டில் நீளநீளமாகக் கீறல் விழுந்திருப்பதை வாடிக்கைக்காரரின் விரலாலேயே தடவிப் பார்க்கச் செய்து, சரியான கலவை அளவை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தனுப்பினால், குற்றஞ்சாட்டாமலே காரணமும் விளங்கும்; கேட்ட கூலியிலும் அவருக்கு ஐயம் எழாது.

6. முகப்பை முற்றிலும் கைவிடாதீர். பேச்சு வராதவர் உடன்பிறந்தாரையோ மனைவியையோ வரவேற்பிலும் கணக்கிலும் அமர்த்துவது தக்கதே. ஆயினும், பழுதின் காரணத்தையும் விலையையும் வேலை செய்தவரே சொல்லுதல் வேண்டும். 1920இல் கோயம்புத்தூர்த் தொழிலதிபர் ஜி. டி. நாயுடு, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே பேருந்துடன் தொழில் தொடங்கியபோது, அதைத் தாமே ஓட்டினார். ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்த முதலாளிக்கு, எஞ்சினின் முனகலும் பயணியின் முறையீடும் இடைத்தரகரின்றி எட்டிவிடும். பட்டறைக்காரருக்கும் அந்த இரண்டும் நேரே கேட்கும் இடத்தில் இருப்பதே லாபம்.