மஞ்சள் கடுதாசியும் மகனின் கல்விக் கடனும்

கடன் சுமை தாளாமல் ஒருவர் கோர்ட்டில் இன்சால்வென்சி மனுப் போட்டால், "மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார்" என்று ஊரார் சொல்வர். அத்துடன் அவருடைய கடன்கள் யாவும் தீர்ந்துபோயின என்றும் பலர் எண்ணுகின்றனர். நம் அங்கத்தினர் குடும்பங்கள் பலவற்றில் இன்று இரு வகைக் கடன்கள் ஒருங்கே இருக்கின்றன. தறிக்கோ நிலத்துக்கோ வாங்கியது ஒன்று. கல்லூரியில் பயிலும் பிள்ளைக்காக வாங்கியது மற்றொன்று. இவ்விரண்டையும் மஞ்சள் கடுதாசி என்ன செய்யும், என்ன செய்யாது என்பதே இம்மாதப் பாடம்.

1954 நவம்பர் 1-ஆம் நாள் புதுச்சேரியின் ஆட்சி கைமாறிய பின்னும் சில காலம் இங்குப் பிரெஞ்சுச் சட்டங்களே நடப்பில் இருந்தன. அவற்றின்படி முறிவு என்னும் நிலை வணிகருக்கே உரியது. நெசவாளரும் பயிரிடுவோரும் அதனுள் அடங்கார். 1962-இல் சட்டப்படி இணைப்பு நிறைவேறியபின் இந்தியச் சட்டங்கள் படிப்படியாக இங்கு நீட்டிக்கப்பட்டன. இன்று தனிமனிதரின் மனுவுக்கு ஆதாரமாயிருப்பது 1920-ஆம் ஆண்டின் மாகாண இன்சால்வென்சி சட்டம். 2016-இல் இயற்றப்பெற்ற புதிய திவால் சட்டத்தில் தனிமனிதருக்கும் ஒரு பகுதி உண்டு. கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றோரைத் தவிர மற்றவர்களுக்கு அப்பகுதி இன்னும் நடைமுறைக்கு வரவில்லை.

பழைய சட்டத்தின்படி 500 ரூபாய்க் கடன் இருந்து, அதைத் தீர்க்க வழியற்றவர் மனுப் போடலாம். அவ்வளவு சிறு தொகையா என்று வியக்க வேண்டா. 1920-இல் அது சிறு தொகை அன்று. கோர்ட்டு அவரைத் திவாலானவர் என்று அறிவித்ததும் அவருடைய சொத்து கோர்ட்டின் வசமோ ரிசீவர் வசமோ செல்லும். ஆயினும் கைத்தொழிலாளியின் கருவிகளையும், உழவரின் ஏர் முதலிய கருவிகளையும், பிழைப்புக்கு வேண்டிய மாடுகளையும் விதைத் தானியத்தையும் சிவில் நடைமுறைச் சட்டம் ஜப்தியிலிருந்து விலக்கியிருக்கிறது. தறியை இழந்துவிடுவோமோ என்று அஞ்சி அதிக வட்டிக்கு மேலும் கடன் வாங்குவோர் இதனை அறிந்திருத்தல் நன்று.

மனுவுக்கு முன் வீட்டை மைத்துனர் பெயருக்கு எழுதிவைத்துவிடலாம் என்று யோசனை சொல்வோரும் உளர். கைம்மாறின்றி அவ்வாறு எழுதிய பத்திரம் மனுவுக்கு முந்திய 2 ஆண்டுகளுக்கு உட்பட்டதாயின் கோர்ட்டு அதைச் செல்லாததாக்கலாம். வேண்டிய ஒரு கடன்காரருக்கு மட்டும் 3 மாதங்களுக்குள் கொடுத்துத் தீர்த்ததும் அவ்வாறே.

இனி, திவால் அறிவிப்பு வேறு, கடனிலிருந்து விடுதலை வேறு. விடுதலைக்குத் தனியே மனுச் செய்துகொள்ள வேண்டும். சொத்து, கடன் ரூபாய் ஒன்றுக்கு 50 காசு அளவுக்கேனும் இல்லையென்றால் அது தம் குற்றத்தால் நேரவில்லை என்று காட்ட வேண்டும். முந்திய 3 ஆண்டுகளில் தொழிலுக்குரிய கணக்கை ஒழுங்காக எழுதாதவருக்கும், ஆடம்பரச் செலவால் நொடித்தவருக்கும் முழு விடுதலையைக் கோர்ட்டு மறுத்தல் வேண்டும் என்றே சட்டம் கூறுகிறது. பாவும் ஊடையும் எவ்வளவு வாங்கினோம், கூலி எவ்வளவு கொடுத்தோம் என்று துண்டுச் சீட்டிலும் எழுதாமல் நினைவிலேயே கணக்கு வைத்திருக்கும் நம் தறிக்காரர்களுக்கு இது எத்தகைய இடர் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

விடுதலை கிடைத்துவிட்டதாகவே கொள்வோம். முத்தியால்பேட்டையில் ஒரு நெசவாளர் நூல் வாங்க 1,00,000 ரூபாய் கடன் பெற்றார். அடுத்த வீட்டுத் தறிக்காரர் இருவர் ஜாமீன் கையெழுத்திட்டனர் என்று வைத்துக்கொள்வோம். கடன்பட்டவருக்குக் கிடைக்கும் விடுதலை, ஜாமீன்தாரரையும் அவரோடு சேர்ந்து கடன்பட்டவரையும் விடுவிக்காது என்று 44-ஆம் பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது. கடன் மறையவில்லை, அடுத்த வீட்டுக்குச் சென்றுவிட்டது. நட்புக்காகக் கையெழுத்திட்ட அவ்விருவரும் தம் தறிக்கூலியிலிருந்து அதைக் கட்டுவர். மனுப் போடும் எண்ணமுள்ளவர் வக்கீலைக் காணுமுன் அவ்விருவரையும் கண்டு பேசுவதே முறை என்பது நம் கருத்து.

கல்விக் கடனிலும் இதே விதி வேறு வடிவில் வருகிறது. 4,00,000 ரூபாய் வரையுள்ள கல்விக் கடனுக்குச் சாதாரணமாகப் பெற்றோரும் மாணவரும் சேர்ந்து கையெழுத்திடுகின்றனர். தந்தை திவாலாகி விடுதலை பெற்றாலும், கூட்டாகக் கடன்பட்ட மகனோ மகளோ பொறுப்பிலிருந்து நீங்குவதில்லை. 2016-ஆம் ஆண்டுச் சட்டமோ கல்விக் கடனைத் தள்ளுபடியாகாத கடன்களின் வரிசையிலேயே வைத்திருக்கிறது. ஆகவே, கல்விக் கடனுக்குரிய பரிகாரத்தைக் கோர்ட்டில் தேடுவதைவிட, வாங்கும் நாளிலேயே வீட்டில் கணக்கிட்டுத் தேடல் வேண்டும்.

அக்கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 4 ஆண்டுப் படிப்புக்கு ஆண்டின் தொடக்கத்தில் லட்சம் ரூபாய் வீதம் 4 லட்சம். வட்டி நூற்றுக்கு 10 என்று கொள்வோம். படிப்புக் காலமும் அதன் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் தனிவட்டி ஏறிக்கொண்டேயிருக்கும். முதல் லட்சத்துக்கு 5 ஆண்டு வட்டி 50,000, அடுத்தடுத்தவற்றுக்கு 40,000, 30,000, 20,000, ஆக 1,40,000. ஐந்தாம் ஆண்டின் முடிவில் கடன் 5,40,000 ஆகிவிடும். இதை 10 ஆண்டுகளில் தீர்க்க மாதத் தவணை சுமார் 7,136 ரூபாய்.

இதே குடும்பம் வட்டியை மட்டும் அவ்வப்போது கட்டி வந்தால் முதலாண்டில் மாதம் சுமார் 833 ரூபாய்தான். இரண்டாம் ஆண்டில் 1,667, பின்னர் 2,500, அதன்பின் 3,333. முடிவில் அசல் 4 லட்சமாகவே நிற்கும், தவணை 5,286. மாதம் 1,850 வீதம் பத்தாண்டில் 2,22,000 ரூபாய் குறைகிறது. அதற்காக முன்னர்க் கட்டியது 1,40,000. தீபாவளிக் காலத்தில் கூலி மிகும் மாதங்களில் சற்றுக் கூடுதலாகக் கட்டிவைத்தால் மழைக்காலத்துத் தொல்லையும் குறையும்.

ஆண்டு வருமானம் 4,50,000 ரூபாய்க்கு மேற்படாத குடும்பத்துப் பிள்ளைகள் தொழிற்கல்வி பயின்றால், தவணை தொடங்காத காலத்து வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் 2009 முதல் உண்டு. தகுதி பெற்ற கல்லூரியா என்பதைச் சேருமுன் விசாரித்தல் அவசியம். வருமானச் சான்றிதழை வங்கியில் கொடுக்கத் தவறி மேற்படி 1,40,000 ரூபாயைத் தாமே சுமப்பது வீண் நஷ்டம். சென்டாக் வழியாக இடம் பெறும் மாணவர்கள் புதுவை அரசின் காமராஜர் கல்வி உதவியையும் கேட்டறிதல் வேண்டும்.

அமெரிக்காவில் 2005-இல் இயற்றிய சட்டப்படி, திவால் மனுப் போடுவோர் முன்னதாக ஒரு கடன் ஆலோசனையும், பின்னர் வரவு செலவுப் பாடம் ஒன்றும் முடித்தாக வேண்டும். முடியாவிடில் விடுதலை இல்லை. மனுப் போட்ட பிறகு வரவு செலவு கற்பது காலந்தாழ்ந்த படிப்பு என்றே நமக்குத் தோன்றுகிறது. நம் நாட்டில் அத்தகைய கட்டாயமுமில்லை, வகுப்புமில்லை. சங்கக் கூட்டம் முடிந்தபின் அரைமணி நேரம் ஒதுக்கினால் காரியதரிசியோ, கல்லூரியில் படிக்கும் பிள்ளையோ இதனைச் சொல்லித்தரலாம். வருவோர் வங்கிப் பாஸ்புத்தகத்தையும், தாம் ஜாமீன் நின்ற கடன்களின் விவரத்தையும், ஒரு கோடிட்ட நோட்டையும் கொணர்ந்தால் போதும். நோட்டின் முதல் பக்கத்தில் எழுத வேண்டியவை, தம் பேரில் உள்ள கடன் எவ்வளவு, பிறருக்காகக் கையெழுத்திட்டது எவ்வளவு, பிள்ளை பேரில் ஏறிவரும் வட்டி எவ்வளவு என்பன.