பனியில் நனைந்த புகையிலையும் நமது நரம்புகளும்

நோன்பு திறக்கும் நேரத்தில் கஞ்சி வாசம் வந்ததும் வாய் ஊறுகிறது. ஊறு என்று நாம் கட்டளையிடுவதில்லை. இதயத்துடிப்பு, வியர்வை, குடலசைவு, கண்மணியின் சுருக்கம் ஆகியவற்றையும் நம்மைக் கேளாமலே நடத்துவது தன்னாட்சி நரம்புத்தொகுதி. அதில் பரிவு நரம்புகள் இதயத்தை விரைவுபடுத்தும். பரபரிவு நரம்புகள் அதை மெதுவாக்கி, உமிழ்நீரையும் சமிபாட்டையும் கூட்டும். இரண்டுமே உறுப்புக்குச் செல்லும் வழியில் நரம்புத் திரட்டு ஒன்றில் செய்தியைக் கைமாற்றுகின்றன. அங்கே செய்தி கடத்தும் பொருள் இரண்டுக்கும் ஒன்றுதான்: அசற்றைல்கோலின்.

இனிக் கரவெட்டித் தோட்டத்துக்கு வருவோம். பனி காயுமுன் புகையிலைக்குள் இறங்கி வேலை செய்பவருக்குச் சில மணி நேரத்தில் தலைசுற்றல், வாந்தி, வெளிறல், குளிர்ந்த வியர்வை வரலாம். பித்தம் என்று தேசிக்காய்த் தண்ணீர் கொடுத்துப் படுக்க வைப்போம். உண்மையில் இலையிலுள்ள நிக்கொட்டின் பனிநீரில் கரைந்து தோலினூடாக உடலுக்குள் போயிருக்கிறது. சுருட்டை வாயில் வைத்தே அறியாதவருக்கும் இது நேரும்; பழக்கமில்லாதவரைத்தான் கூடுதலாக வாட்டும்.

நிக்கொட்டின், திரட்டிலுள்ள அசற்றைல்கோலினின் வாங்கியில் போய்ப் பொருந்துகிறது. முதலில் தூண்டும், அளவு மிஞ்சினால் தடுக்கும். கேம்பிரிட்ஜில் லாங்லி என்பவர் 1889இல் டிக்கின்சனுடன் சேர்ந்து விலங்குகளின் திரட்டில் நிக்கொட்டினைப் பூசி, செய்தி அங்கே நின்றுபோவதைக் கண்டார். தன்னாட்சி நரம்புத்தொகுதிக்குப் பெயரிட்டவரும் அவரே. மருந்து பொருந்தும் 'வாங்கி' என்ற கருத்தும் 1905இல் அவர் நிக்கொட்டினைக் கொண்டு செய்த ஆய்விலேயே உருவாயிற்று. நமது வளவுப் பயிருக்கு மருந்தியலில் இப்படி ஓர் இடம்!

இதே தோட்டத்தில் 'மருந்தடிப்பதும்' உண்டு. நஞ்சை மருந்து என்கிறோமே! சேதனப் பொசுபரசு வகை நாசினிகள், அசற்றைல்கோலினைச் சிதைக்கும் நொதியத்தை முடக்குகின்றன. செய்தி ஓயாமல் தொடர்கிறது: கண்மணி ஊசிமுனையாகும், எச்சில் வழியும், நெஞ்சில் சளி நிறைந்து மூச்சு முட்டும். வைத்தியசாலையில் கொடுக்கும் அத்திரோப்பின், பரபரிவு நரம்பு முடியும் இடத்து வாங்கிகளை மறித்து எச்சிலையும் சளியையும் வற்றச் செய்கிறது. சுவாசத் தசைகளின் வாங்கிகள் வேறு வகை. அவை தளர்ந்தால் அத்திரோப்பின் உதவாது, செயற்கைச் சுவாசம் வேண்டும். ஊமத்தையிலும் அத்திரோப்பின் உண்டு என்று எவரும் இலையை அரைத்துக் கொடுத்துவிடக் கூடாது. அதன் அளவை யாராலும் கணிக்க முடியாது.

ஆகவே தோட்டத்தால் வந்தவர் வாந்தியெடுத்தால் நனைந்த உடுப்பைக் கழற்றி, சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். கழுவுபவர் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். அன்று மருந்தடித்திருந்தாலோ, எச்சில் வழிந்தாலோ, மூச்சு இழுத்தாலோ தாமதியாமல் மந்திகை ஆதார வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். நாசினிப் போத்தலின் பெயர்ச்சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள். வைத்தியர் முதலில் கேட்பது அதைத்தான்.